பழைய பங்க் சிங்கிள்களைத் தேடிக் கண்டுபிடித்துச் சேர்ப்பது: முழுமையான வழிகாட்டி

1976 டிசம்பர் 28 அன்று மான்செஸ்டரில் ஒரு ஸ்டுடியோவில் பஸ்காக்ஸ் என்ற நால்வர் பங்க் குழு (வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட எளிய ராக் இசையே பங்க்) ஒரே நாளில் நான்கு பாடல்களைப் பதிவு செய்தது. செலவுக்கு 500 பவுண்டு கடன், அதுவும் வீட்டாரிடமும் நண்பர்களிடமும் கேட்டு வாங்கியது. எந்தக் கம்பெனி வாசலிலும் போய் நிற்காமல், ‘நியூ ஹார்மோன்ஸ்’ என்று தாங்களே ஒரு லேபிளுக்கு, அதாவது தட்டு வெளியிடும் நிறுவனத்துக்கு, பெயர் வைத்து, 1977 ஜனவரி கடைசியில் ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ என்ற ஏழு அங்குல இசைத்தட்டை வெளியிட்டார்கள். முதலில் அச்சானது 1000 பிரதி. அது விற்றுத் தீர்ந்ததும் மறுபடி மறுபடி அச்சிட்டு, கடைசியில் 16,000 வரை போனது.

அந்தத் தட்டின் பாடல்களை விட அது காட்டிய வழிதான் பெரிய விஷயம். அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் பிரிட்டனின் சின்னச் சின்ன ஊர்களில்கூட பையன்களும் பெண்களும் சொந்தக் காசில் தட்டு போட ஆரம்பித்தார்கள். 500 பிரதி, 1000 பிரதி, உறை ஜெராக்ஸ் தாள், ஒட்டியது பசையால். பல தட்டுகள் உள்ளூர்க் கடையிலும் குழுவின் மேடையிலும் விற்றதோடு சரி. பத்திரிகை விமர்சனமும் கிடையாது, வானொலியும் கிடையாது. இத்தனை காலம் கழித்தும் இந்தத் துறையில் புதிதாகக் கண்டுபிடிக்க ஏதாவது மிச்சம் இருப்பதற்கு அதுதான் காரணம். 1960களின் பெரிய ராக் குழுக்கள் ஒவ்வொன்றைப் பற்றியும் அலமாரி நிறையப் புத்தகங்கள் உண்டு. 1979ல் 500 பிரதி போட்டுவிட்டுக் கலைந்துபோன குழுவைப் பற்றி அந்தத் தட்டின் உறை மட்டும்தான் பேசும்.

இந்த வழிகாட்டி அந்தத் தட்டுகளைப் பற்றியது: 1976 முதல் 1981 வரை, பிரிட்டன், ஏழு அங்குல சிங்கிள்கள் (பக்கத்துக்கு ஓரிரு பாட்டு மட்டும் உள்ள சிறிய தட்டுகள்). அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் தனிக் கதை உண்டு. பிரிஸ்பேனில் ‘த செயின்ட்ஸ்’ குழு 1976லேயே சொந்த லேபிளில் தட்டு போட்டுவிட்டது. வாஷிங்டனில் ‘டிஸ்கார்ட்’ லேபிள் 1980ல் தொடங்கி இன்றும் நடக்கிறது. ஆனால் முறை எல்லா இடத்துக்கும் ஒன்றே. ஓர் இடத்தில் பழகிவிட்டால் மற்ற இடங்களுக்கும் கை வரும்.

முதல் படி: வாங்குவதற்கு முன் ஆறு மாதம் கேளுங்கள்

பட்டியலைப் பார்த்துத் தட்டு வாங்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஓராண்டில் சலித்துப்போகிறார்கள். காது பழக வேண்டும். பெரிய வாசல்கள் வழியாகவே உள்ளே போகலாம், தவறில்லை. த டேம்ன்ட் குழுவின் ‘நியூ ரோஸ்’ 1976 அக்டோபரில் வந்தது, பிரிட்டனின் முதல் பங்க் சிங்கிள் அதுதான். செக்ஸ் பிஸ்டல்ஸ், த கிளாஷ், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ், அப்புறம் அயர்லாந்தின் வடக்கிலிருந்து அண்டர்டோன்ஸ், ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸ். இவை எல்லாமே ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கின்றன. ஈழத் தமிழ்ப் பின்னணி கொண்ட பாடகி எம்.ஐ.ஏ.வின் ‘பேப்பர் பிளேன்ஸ்’ உங்களுக்குத் தெரிந்திருந்தால், கிளாஷ் குழுவை ஏற்கெனவே கேட்டிருக்கிறீர்கள்: அந்தப் பாட்டின் அடியில் ஓடிக்கொண்டே இருப்பது 1982ல் வந்த ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’ பாட்டின் கிதார்.

அதன்பின் தொகுப்புத் தட்டுகள். இந்தத் துறையில் தொகுப்புகள் செய்த வேலைக்கு ஈடு கிடையாது. 1980களின் கடைசியில் ‘கில்ட் பை டெத்’ என்ற பெயரில் ஒரு வரிசை வந்தது. உலகம் முழுக்க யாருக்கும் தெரியாத பங்க் சிங்கிள்களிலிருந்து பொறுக்கிய பாடல்கள், குழுக்களிடம் அனுமதி வாங்காமலே அச்சிட்டவை. சட்டப்படி அவை திருட்டுப் பதிப்புகள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மறந்துபோன நூற்றுக்கணக்கான தட்டுகளைத் திரும்பக் காதுக்குக் கொண்டுவந்தது அந்த வரிசைதான். இன்று விற்பவர்கள் ஒரு தட்டின் விவரத்தில் ‘கே.பி.டி.’ என்று எழுதுகிறார்களே, அது அங்கிருந்து வந்த சுருக்கம்: அரிய, முரட்டுத்தனமான, மலிவாகப் பதிவான பங்க் என்று பொருள். பிரிட்டனின் வீட்டுத் தயாரிப்புத் தட்டுகளுக்கு ‘மெஸ்தெட்டிக்ஸ்’ என்ற தொகுப்பு வரிசை உண்டு. ஊர் ஊராகப் பிரித்துத் தந்திருப்பதால் படிப்பதற்கும் நல்லது. என்னைக் கேட்டால் தொடங்குகிறவருக்கு அதுவே சிறந்த ஆசிரியர்.

இன்னொரு நல்ல வழி, பி.பி.சி. ரேடியோ 1ல் ஜான் பீல் இரவில் நடத்திய நிகழ்ச்சி. யாரும் தொடாத தட்டுகளை அவர் போட்டார். அண்டர்டோன்ஸின் ‘டீனேஜ் கிக்ஸ்’ பாட்டை ஒரே நிகழ்ச்சியில் அடுத்தடுத்து இரண்டு முறை போட்டது பிரசித்தம். அந்த ஆண்டுகளில் எந்த இரவில் என்னென்ன ஒலித்தன என்று ரசிகர்கள் தேதிவாரியாகத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு மாதத்தை எடுத்துக்கொண்டு, தெரியாத பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிக் கேளுங்கள். பாதி பிடிக்காது. பிடித்த பாதியில் இரண்டு மூன்று உங்களை விடவே விடாது. அவற்றை மட்டும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்.

இரண்டாம் படி: உறையைப் படியுங்கள்

இந்தத் தொழிலின் உயிர் இதில்தான் இருக்கிறது. அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

பெரிய கம்பெனித் தட்டின் உறையில் குழுவின் படம் இருக்கும், பாட்டின் பெயர் இருக்கும், அவ்வளவுதான். சொந்தக் காசில் போட்டவர்கள் அப்படி விடவில்லை. அடுத்தவரும் செய்ய வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ உறையிலேயே ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முயற்சியில் பதிவானது, மேலே கூடுதலாக கிதார் சேர்த்தார்களா இல்லையா என்ற குறிப்பு உண்டு. டெஸ்பரேட் பைசிக்கிள்ஸ் என்ற லண்டன் குழு இன்னும் ஒரு படி மேலே போனது. 1977ல் அவர்கள் முதல் சிங்கிள் ‘ஸ்மோக்ஸ்கிரீன்’ 500 பிரதி வந்தது. செலவைக் குறைக்க இரண்டு பக்கத்திலும் அதே இரண்டு பாடல்களை வைத்தார்கள். அதில் வந்த பணத்தில் இரண்டாவது சிங்கிள். அதன் உறையில் முதல் தட்டுக்கு ஆன மொத்தச் செலவு 153 பவுண்டு என்று அச்சடித்து, இது சுலபம், மலிவு, நீங்களும் போய்ச் செய்யுங்கள் என்று சொன்னார்கள். அதைக் கேட்டுச் செய்தவர்களில் ஸ்கிரிட்டி பொலிட்டியும் ஒன்று. 1978ல் வந்த ‘ஸ்கேங்க் பிளாக் பொலோனா’ உறையில் பதிவுக்கு எவ்வளவு, அச்சுக்கு எவ்வளவு, லேபிள் தாளுக்கு எவ்வளவு என்று கணக்கும், அந்த வேலைகளைச் செய்துகொடுக்கும் இடங்களின் விவரமும் இருந்தன.

இந்தக் குறிப்புகள்தான் உங்கள் அடுத்த தட்டுக்கு வழி காட்டுபவை. ஒரு உறையைக் கையில் எடுத்தால் (ஸ்கேன் செய்த படமாக இருந்தாலும் சரி) நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: லேபிள் பெயரும் எண்ணும், பதிவு செய்த ஸ்டுடியோ, தயாரிப்பாளர், ஊர். ஒவ்வொன்றும் ஒரு கிளைப்பாதை.

தயாரிப்பாளர் வழியாகப் போய்ப் பார்ப்போம். ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ உறையில் தயாரிப்பு ‘மார்ட்டின் ஜீரோ’ என்றிருக்கும். அது மார்ட்டின் ஹானெட்டின் ஆரம்பகாலப் பெயர். அதே பெயரைத் தேடினால் 1977ல் ஸ்லாட்டர் அண்ட் த டாக்ஸ் குழு போட்ட ‘கிராங்க்ட் அப் ரியலி ஹை’ கிடைக்கும். அதன் லேபிள் மான்செஸ்டரின் ராபிட் ரெக்கார்ட்ஸ். ராபிட்டின் பட்டியலைப் பார்த்தால் கவிஞர் ஜான் கூப்பர் கிளார்க்கின் முதல் தட்டு, பிறகு 1978ல் நாடெங்கும் ஒலித்த ‘ஜில்டட் ஜான்’. அங்கிருந்து ஹானெட்டைத் தொடர்ந்தால் ஃபேக்டரி லேபிளும், 1979ல் ஜாய் டிவிஷன் குழுவின் முதல் எல்.பி.யும் (பல பாடல்கள் கொண்ட பெரிய ஆல்பம் தட்டு). ஒரே ஒரு தட்டின் பின்பக்கத்தில் இருந்த ஒரு பெயர் உங்களை ஒரு நகரத்தின் முழு இசை வரலாற்றுக்குள் கொண்டுபோய் விடுகிறது.

லேபிள் எண் வழியாகவும் போகலாம். அண்டர்டோன்ஸின் ‘டீனேஜ் கிக்ஸ்’ முதலில் வந்தது வடக்கு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் டெர்ரி ஹூலி நடத்திய குட் வைப்ரேஷன்ஸ் கடையின் லேபிளில். தட்டின் எண் ஜி.ஓ.டி. 4. அப்படியானால் 1, 2, 3 எங்கே? 1 ரூடி குழுவின் ‘பிக் டைம்’. 2 விக்டிம். 3 த அவுட்காஸ்ட்ஸ். பெல்ஃபாஸ்டில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலத்தில், கத்தோலிக்கப் பிள்ளைகளும் புராட்டஸ்டன்ட் பிள்ளைகளும் ஒரே அரங்கில் நின்று கேட்ட இசை இது. ‘டீனேஜ் கிக்ஸ்’ ஒன்றை மட்டும் வைத்திருப்பவருக்கு ஒரு நல்ல பாட்டு கிடைக்கும். நான்கையும் வரிசையாகக் கேட்பவருக்கு அந்த ஊரே கிடைக்கும். என் கருத்தில், ‘பிக் டைம்’ அந்த நால்வரிசையில் யாருக்கும் இளைத்ததல்ல.

கடைகளையும் கவனியுங்கள். அந்தக் காலத்தில் கடைகளே லேபிள்களாக மாறின. ஜெஃப் டிராவிஸ் 1976ல் மேற்கு லண்டனில் திறந்த ரஃப் டிரேட், வால்தம்ஸ்டோவில் இருந்த ஸ்மால் வொண்டர் இரண்டும் முக்கியம். த க்யூர் குழுவின் முதல் சிங்கிளும் பாஹவுஸின் முதல் சிங்கிளும் ஸ்மால் வொண்டரில் வந்தவையே. அதன் பட்டியலில் இன்னும் பலர் கேட்காத தட்டுகள் நிறைய உண்டு.

மூன்றாம் படி: எல்லையை வரைந்துகொள்ளுங்கள்

எல்லாவற்றையும் சேர்க்க முடியாது, பணமும் இடமும் விடாது. ஒரு ஊர், ஒரு லேபிள், ஒரு ஆண்டு, அல்லது ஒரு கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி வைத்துச் சேர்ப்பதே எனக்குப் பிடித்தது.

உதாரணமாக, பெண்கள் என்ன செய்தார்கள் என்ற கேள்வி. எக்ஸ்-ரே ஸ்பெக்ஸின் பாலி ஸ்டைரீன், த ஸ்லிட்ஸ், லீட்ஸ் ஊரின் டெல்ட்டா 5, சுவிட்சர்லாந்தின் கிளீனெக்ஸ், அப்புறம் 1979ல் ரஃப் டிரேடில் சிங்கிளும் எல்.பி.யும் போட்ட த ரெயின்கோட்ஸ். ரெயின்கோட்ஸின் கதை தாமதமாகத் தேடி வருபவர்களுக்கு மிகவும் நெருக்கமானது. 1992ல் நிர்வானாவின் கர்ட் கோபேன் லண்டனில் ரஃப் டிரேட் கடைக்குப் போய் அவர்களுடைய முதல் எல்.பி.யைக் கேட்டார். கடையில் இல்லை. குழுவின் ஆனா டா சில்வா பக்கத்தில் ஒரு பழம்பொருள் கடையில் வேலை செய்கிறார், அங்கே போய்ப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தார்கள். கோபேன் போனார். அந்தச் சந்திப்பின் தொடர்ச்சியாக ரெயின்கோட்ஸ் தட்டுகள் மறுபடி அச்சாயின, குழுவும் மறுபடி மேடை ஏறியது. அப்போது அந்த எல்.பி.க்கு 13 வயது. தாமதமாக வந்து கேட்ட ஒருவரால் நடந்த நல்லது இது.

இன்னொரு கேள்வி, பிரிட்டனில் குடியேறிய தெற்காசியப் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்பது. ஏலியன் கல்ச்சர் என்ற லண்டன் குழுவைத் தேடுங்கள். பாகிஸ்தானியக் குடும்பங்களைச் சேர்ந்த மூன்று பேரும் ஒரு வெள்ளைக்கார நண்பரும் சேர்ந்து தொடங்கியது. வேற்றுக் கலாச்சாரத்து மக்கள் வந்து நாட்டை மூழ்கடித்துவிடுவார்களோ என்று மார்கரெட் தாட்சர் 1978ல் பேசியதற்குப் பதிலாக வைத்த பெயர். 1980ல் வந்த ‘ஏஷியன் யூத்’ அவர்கள் போட்ட ஒரே சிங்கிள். வீட்டில் ஒரு வாழ்க்கை, வெளியே ஒரு வாழ்க்கை என்று இரண்டுக்கும் நடுவே நிற்பவர்களின் பாட்டு. லண்டனிலும் டொரன்டோவிலும் வளர்ந்த நம் பிள்ளைகள் கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள்.

நான்காம் படி: எந்த அச்சு என்று கண்டுபிடியுங்கள்

ஒரே பாட்டு, ஒரே பெயர், ஆனால் கையில் இருப்பது எந்த ஆண்டின் அச்சு என்பதைப் பொறுத்து விலை பல மடங்கு மாறும். இதற்கு இரண்டு இணையதளங்கள் போதும்: டிஸ்காக்ஸ், 45கேட். இரண்டிலும் ஒவ்வொரு அச்சின் லேபிள் படமும் எண்களும் இருக்கின்றன.

முதலில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு. ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ 1979ல் மறுபடி அச்சானபோது உறையில் ‘பஸ்காக்ஸ் வித் ஹோவர்ட் டெவோட்டோ’ என்று போட்டார்கள். முதல் தட்டு வந்த கையோடு பாடகர் டெவோட்டோ குழுவை விட்டுப் போயிருந்தார், மறு அச்சு நேரத்தில் அவர் பெயருக்குத் தனி மதிப்பு வந்திருந்தது. ஆகவே உறையில் அவர் பெயர் தனியாக இருந்தால் அது 1977 தட்டு இல்லை. ‘டீனேஜ் கிக்ஸ்’ தட்டும் அப்படித்தான். மடித்த சுவரொட்டி உறையோடு வந்தது குட் வைப்ரேஷன்ஸ் அச்சு. சில வாரங்களில் சயர் லேபிள் வாங்கி வேறு உறையில் வெளியிட்டதே பரவலாகக் கிடைப்பது.

அடுத்தது மேட்ரிக்ஸ் எண். தட்டில் பாட்டு முடிந்த பிறகு, நடுவில் ஒட்டிய லேபிள் தாளுக்கு முன்னால் வழுவழுப்பான ஒரு வளையம் இருக்கும். அங்கே எண்ணும் எழுத்தும் கீறியோ முத்திரை குத்தியோ இருக்கும். மேசை விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்து, தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் தெரியும். அச்சுத் தகடு வெட்டியவரின் கையொப்பமும் சில நேரம் இருக்கும். ‘போர்க்கி’ என்று கண்டால் ஜார்ஜ் பெக்கம் வெட்டியது. விற்பவர் இந்த எண்ணைத் தரவில்லை என்றால் கேளுங்கள். விலை உயர்ந்த தட்டுக்கு மேட்ரிக்ஸ் படம் அனுப்ப மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

சில வேறுபாடுகளுக்குப் பின்னால் பெரிய கதை இருக்கும். கிராஸ் குழுவின் முதல் தட்டு ‘த ஃபீடிங் ஆஃப் த 5000’ ஸ்மால் வொண்டரில் வந்தபோது முதல் பாட்டு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு நிமிடம் மௌனம்தான் இருந்தது. மதத்தைக் கடுமையாகத் தாக்கிய அந்தப் பாட்டை அச்சிட அயர்லாந்து ஆலைத் தொழிலாளர்கள் மறுத்துவிட்டார்கள். குழு அந்த மௌனத்துக்கு ‘பேச்சுரிமையின் ஒலி’ என்று பொருள்படும் பெயர் வைத்து அப்படியே வெளியிட்டது. பின்னர் தங்கள் சொந்த லேபிளில் மறு அச்சு போட்டபோது பாட்டைச் சேர்த்துக்கொண்டார்கள். மௌனம் உள்ள தட்டு முதல் அச்சு.

போலிகள் பற்றி ஒரு வார்த்தை. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவோடு ஏ அண்ட் எம் கம்பெனி 1977 மார்ச் 10ல் பக்கிங்ஹாம் அரண்மனைக்கு வெளியே ஒப்பந்தம் போட்டு, ஒரு வாரத்துக்குள் ரத்து செய்தது. அச்சாகியிருந்த ‘காட் சேவ் த குயின்’ சிங்கிள் 25,000 பிரதிகளில் ஏறக்குறைய எல்லாமே அழிக்கப்பட்டன. தப்பியவை சொற்பம், ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான பவுண்டு. இப்படிப்பட்ட தட்டு உங்களுக்கு மலிவாக வருகிறது என்றால் அது போலி. ஜாய் டிவிஷனின் முதல் ஈ.பி. (சிங்கிளை விடக் கூடுதல் பாடல்கள் கொண்ட சிறு தட்டு) ‘ஆன் ஐடியல் ஃபார் லிவிங்’ 1978ல் ஏழு அங்குலத்தில் 1000 பிரதி மட்டுமே வந்தது, அதற்கும் போலிகள் உண்டு. உறையை மறுபடி படமெடுத்து அச்சடித்திருப்பதால் சிறிய எழுத்துகள் தடித்து, படத்தின் நிழல்பகுதிகள் கறுத்துப்போயிருப்பது பொதுவான அடையாளம். மேட்ரிக்ஸ் எழுத்தும் அசலோடு பொருந்தாது.

ஐந்தாம் படி: நிலையும் விலையும்

தட்டின் நிலையைச் சொல்ல ‘கோல்ட்மைன்’ இதழின் தரவரிசையையே பெரும்பாலானோர் பயன்படுத்துகிறார்கள்: மிண்ட், நியர் மிண்ட், வி.ஜி. பிளஸ், வி.ஜி. (வெரி குட்), ஜி. பிளஸ், ஜி. (குட்), அதற்குக் கீழே ஃபேர், புவர். ஜி. என்றால் நன்றாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். கீறலும் கரகரப்பும் நிறைந்த தட்டுக்குத்தான் ஜி. போடுவார்கள். பங்க் சிங்கிள்கள் பார்ட்டிகளில் ஓடியவை, மலிவான பிளேயரில் தேய்ந்தவை. ஆகவே நியர் மிண்ட் கிடைப்பது அபூர்வம், அதற்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. வி.ஜி. பிளஸ் தட்டு கேட்பதற்கு அருமையாக இருக்கும். இசையே உரக்கப் பேசுவதால் லேசான இரைச்சல் அமுங்கிவிடும்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை: ஊசி வைத்துக் கேட்டுப் பார்த்தீர்களா, கண்ணால் மட்டும் பார்த்தீர்களா? நகத்தில் தட்டுப்படும் கீறல் உண்டா? வளைந்திருக்கிறதா? உள்ளே வந்த தாள், பாடல் வரிகள், சுவரொட்டி எல்லாம் இருக்கின்றனவா? நடுவில் இருக்கும் சின்ன ஓட்டை அப்படியே இருக்கிறதா, ஜூக்பாக்ஸுக்காக (காசு போட்டால் தட்டு ஓட்டும் இயந்திரம்) பெரிதாக வெட்டியிருக்கிறார்களா? பெரிதாக வெட்டியதும் நன்றாகவே ஓடும், ஓர் அடாப்டர் மட்டும் வேண்டும். ஆனால் விலை குறைய வேண்டும்.

விலைக்கு டிஸ்காக்ஸில் விற்பனை வரலாறு இருக்கிறது. இதுவரை போன மிகக் குறைந்த விலை, நடு விலை, மிக அதிக விலை மூன்றையும் காட்டும். விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், உண்மையில் விற்ற விலையைப் பாருங்கள். ஏல விலைகளுக்கு பாப்சைக் தளம். எத்தனை பேரிடம் இருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற இரண்டு எண்களும் டிஸ்காக்ஸில் உண்டு. தேடுகிறவர்கள் பல மடங்கு என்றால் அவசரப்பட்டு அதிக விலை கொடுக்க வேண்டிவரும். தேடுபவர்களே குறைவு என்றால் பொறுமையாக இருங்கள், இறங்கி வரும்.

விற்பனைத் தரவரிசைப் பட்டியலில் ஏறிய சிங்கிள்கள் ஆயிரக்கணக்கில் அச்சானவை, ஆகவே மலிவு. எக்ஸ்-ரே ஸ்பெக்ஸின் 1978 சிங்கிள்கள், ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ தட்டின் 1979 மறு அச்சு, ‘டீனேஜ் கிக்ஸ்’ தட்டின் சயர் அச்சு போன்றவற்றில் தொடங்குங்கள். ஊசி ஓடும் அதே பள்ளங்கள், அதே பாட்டு. முதல் அச்சுதான் வேண்டும் என்று அடம் பிடிப்பது காதுக்கான காரியம் அல்ல. மறுவெளியீடுகளும் நல்லவையே. ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ 2017ல் டொமினோ லேபிளில் மறுபடி வந்தது. அதை வாங்கினால் குழுவுக்கும் காசு போகும், பழைய தட்டை வாங்கினால் போகாது. குழு இன்னும் தங்கள் தட்டை விற்றுக்கொண்டிருந்தால் முதலில் அவர்களிடமே வாங்குங்கள்.

ஆறாம் படி: வரவழைப்பது

சென்னையில் இருந்துகொண்டு இந்தத் தட்டுகளைத் தேடினால் பெரும்பாலும் தபாலில்தான் வரும். ஏழு அங்குலத் தட்டு ஏறக்குறைய 40 கிராம். ஒன்றுக்கும் ஐந்துக்கும் தபால் செலவில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆகவே ஒரே விற்பனையாளரிடம் நான்கைந்து தட்டுகளாகச் சேர்த்து வாங்குங்கள். சுங்க வரி உண்டு, விகிதம் அடிக்கடி மாறுவதால் வாங்கும் நேரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வரியையும் தபாலையும் சேர்த்துத்தான் உங்கள் விலையைக் கணக்கிட வேண்டும்.

தட்டை உறையிலிருந்து வெளியே எடுத்து, பக்கத்தில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்ளேயே இருந்தால் வழியில் ஆடி ஆடி உறையின் ஓரத்தைக் கிழித்துவிடும். இரண்டு பக்கமும் கெட்டி அட்டை வைக்கச் சொல்ல மறக்காதீர்கள்.

லண்டனில் சொந்தக்காரர்கள் இருந்தால் அது பெரிய வசதி. அங்குள்ள விற்பனையாளர் உள்நாட்டுத் தபாலில் அவர்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார், வரும்போது கைப்பையில் கொண்டுவரலாம். நீங்களே போனால் டால்பட் சாலையில் இருக்கும் ரஃப் டிரேட் கடையும், சோஹோவில் பெர்விக் தெருவின் ரெக்கார்டு கடைகளும் பார்க்க வேண்டியவை. ஆனால் நல்ல சிங்கிள்கள் பெரிய கடைகளில் விலையோடுதான் இருக்கும். வட இங்கிலாந்தின் சின்ன ஊர்களில் சாரிட்டி கடைகள் (நன்கொடையாக வந்த பழைய பொருட்களை விற்பவை), ஞாயிற்றுக்கிழமை ரெக்கார்டு சந்தைகள் இவற்றில் சிங்கிள் பெட்டிகளைப் பொறுமையாகப் புரட்டுங்கள். போகும் ஊரில் அந்தக் காலத்தில் எந்த லேபிள் இருந்தது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. இந்தத் தட்டுகள் வெளியான ஊரை விட்டு அதிக தூரம் போகவில்லை.

ஏழாம் படி: கழுவுதல், ஓட்டுதல், வைத்தல்

வந்த தட்டைக் கழுவாமல் ஓட்டாதீர்கள். டிஸ்டில்டு வாட்டர், சுத்தமான மைக்ரோஃபைபர் துணி, பள்ளத்தின் திசையிலேயே மென்மையாகத் துடைப்பது போதும். லேபிள் தாளில் தண்ணீர் படக்கூடாது. பிறகு நிழலில் காயவிடுங்கள்.

சூட்கேஸ் வடிவில் மலிவாக வரும் பிளேயர்களைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் ஊசியின் பாரம் அதிகம், தட்டைத் தேய்த்துவிடும். பாரத்தைச் சரிசெய்ய வசதியுள்ள டர்ன்டேபிள் ஒன்று வாங்குங்கள். ஆடியோ-டெக்னிகாவின் ஏ.டி.-வி.எம்.95.இ போன்ற கேட்ரிட்ஜுக்கு (ஊசி பொருத்திய சிறு பாகம்) 2 கிராம் பாரம் போதும். வேகத்தை 45க்கு மாற்ற மறக்க வேண்டாம்.

நம் ஊர் ஈரப்பதத்துக்கு உறைகளில் பூஞ்சை பிடிக்கும். தட்டுகளை நேராக நிற்க வைத்து, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் வைத்து, நிறம் மாறும்போது மாற்றுங்கள். பழைய பி.வி.சி. உறைகளில் வந்தால் உடனே எடுத்துவிடுங்கள். அந்தப் பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் ரசாயனம் தட்டின் மேல் பனி படிந்ததுபோல் கறையாகி, இரைச்சலாகக் கேட்கும். பாலித்தீன் உறை பாதுகாப்பானது. வெயிலில் நிறுத்திய காரில் தட்டை விட்டுவிட்டுப் போகவே கூடாது.

எட்டாம் படி: பதிவு செய்யுங்கள்

500 பிரதித் தட்டு ஒன்று உங்களிடம் இருந்தால், அதைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்ததில் ஒரு பங்கு உங்கள் கையில் இருக்கிறது. உறையின் இரண்டு பக்கம், உள்தாள், இரண்டு லேபிள்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யுங்கள். மேட்ரிக்ஸ் எழுத்தை அப்படியே, இடைவெளிகூட மாறாமல் எழுதி, கீறியதா குத்தியதா என்று குறிப்பிட்டு டிஸ்காக்ஸிலோ 45கேட்டிலோ சேர்த்துவிடுங்கள். ஏற்கெனவே பதிவு இருந்தால் உங்கள் பிரதியோடு ஒப்பிட்டு, விடுபட்டதை மட்டும் சேர்த்துவிடுங்கள். பாடலை முழுதாகப் பொதுவெளியில் ஏற்றும் முன் குழுவினர் யாராவது இணையத்தில் இருக்கிறார்களா என்று பார்த்து அனுமதி கேளுங்கள். அவர்களில் பலர் இப்போது அறுபதைத் தாண்டியவர்கள். யாரோ தொலைதூரத்தில் தங்கள் தட்டைத் தேடி வாங்கியிருக்கிறார் என்று கேட்டால் மகிழ்வார்கள், பதிவு நடந்த நாளைப் பற்றி உறையில் இல்லாத விவரங்களும் சொல்வார்கள். அதே நேரம், 1979ன் உறையில் அச்சான வீட்டு முகவரியைப் பிடித்துக்கொண்டு போய் யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது. பொதுவில் பேச முன்வந்தவர்களிடம் மட்டும் பேசுங்கள். அவர்கள் சொன்னதைத் தேதியோடு குறித்து, அவர்கள் சம்மதித்தால் தட்டின் பதிவில் ஒரு குறிப்பாகச் சேர்த்துவிடுங்கள்.